உழைக்காதவர் பெயரை ஆய்வுக்கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் முதுநிலை மருத்துவம் கடைசி ஆண்டு படிக்கிறேன். என் ஆய்வேட்டிலிருந்து எழுதிய கட்டுரையை இதழுக்கு அனுப்பும் நேரத்தில் சிக்கல்.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களை ஒன்றரை வருஷம் வார்டு வார்டாகப் போய் அளந்தது நானும் என் ஜூனியரும்தான். கட்டைப் பிரித்து, ஸ்கேலை வைத்து, நீளம் அகலம் குறித்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது துறையில் ஒரு மூத்தவர், "என் பேரையும் போட்டுடும்மா, பதவி உயர்வுக்கு வேணும்" என்கிறார். ஜூனியர் பெயரை நன்றியுரையில் போட்டால் போதுமாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர். பெயர் போடுவது சும்மா இல்லை. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் லான்செட்டில் வந்த கட்டுரையின் முடிவிலிருந்து, 2004இல் பத்து இணை ஆசிரியர்கள் விலக வேண்டியிருந்தது. 2010இல் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள்.

சரி, என் கேள்வி இதுதான். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடைப் பகைத்துக்கொள்ளாமல் இதை எப்படிப் பேசுவது? இதழ் கேட்கும் பங்களிப்புப் படிவத்தை முதலிலேயே எல்லாரிடமும் நீட்டிவிடலாமா? இதழ் ஆசிரியருக்கு நேராக எழுதினால் தேர்வு நேரத்தில் எனக்குப் பாதிப்பு வருமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், இன்பாக்ஸில் சொன்னாலும் சரி. அடுத்த வாரம் அனுப்பியாக வேண்டும்.