மறு: வெதரிங் – ‘சுவடேற்றல்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

டாங்கியின் சிறிய மாதிரிகளைக் கட்டுவோர், மாதிரியை ஓடி உழைத்த வண்டிபோலக் காட்ட அழுக்கும் கறையும் பூசுவதை ‘வெதரிங்’ என்கிறார்கள்; அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை மூன்று தமிழ்ச்சொற்கள் வந்திருக்கின்றன: வானிலையாக்கம், முதுமையூட்டல், துருவேற்றல். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சொற்களை நம்பித் தூரிகையை எடுப்பவர் தவறான வண்டியைச் செய்து முடிப்பார். என் கவலை அதுதான்.

> சொல்லுக்குச் சொல் பார்த்தால் வானிலையாக்கம்தானே நேர்?

பள்ளிப் புவியியல் பாடத்தில் பாறை சிதைவதற்கு ‘வானிலைச் சிதைவு’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. அங்கே வெயிலும் மழையும்தான் வேலை செய்கின்றன. போரில் ஓடும் டாங்கியின் மேல் வேலை செய்பவை வேறு: ஏறி இறங்கும் பூட்ஸ், மூடியைச் சுற்றிச் சிந்தும் டீசல், செயினில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையில்) உரசும் சக்கரம், புழுதி. பூங்காக்களில் நினைவுச்சின்னமாக மேடையேறி நிற்கிற டாங்கிகளுக்குத்தான் வானிலைச் சிதைவு பொருந்தும்.

> முதுமையூட்டல் என்றால் யாருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில், ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களத்தில் நின்ற டி-34 என்ற சோவியத் டாங்கிக்கு என்ன வயது இருந்திருக்கும்? ஆலையை விட்டு வந்து சில மாதங்கள். அந்தப் போரில் எத்தனையோ வண்டிகள் முதுமை வருமுன்னே எரிந்துபோயின. அவை புதிய வண்டிகள், ஆனால் ஓயாமல் உழைத்தவை. மாதிரியில் அந்த உழைப்புத்தான் தெரிய வேண்டும்.

துருவேற்றல் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் கட்டிய முதல் டி-34 மாதிரிக்கு செயின் முழுவதும் ஆரஞ்சுத் துரு பூசியிருந்தேன். மூன்று வாரத்து வேலை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ராணுவத்தில் விஜயந்தா டாங்கி ஓட்டியவர். ஆவடியில் செய்த வண்டி என்று பெருமையாகச் சொல்வார். என் மாதிரியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செயினின் உட்புறத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். “ஓடுற வண்டிக்கு இந்த எடம் வெள்ளி மாதிரி மின்னும் தம்பி. நிறுத்திப் போட்டாத்தான் செவக்கும்.”

அன்று இரவே மறுபடி படங்களைப் பார்த்தேன். டி-34 சக்கரம் ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. செயினின் பற்கள் அந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவே ஓடும். ஆகவே செயினின் உட்புறத்தில், பல்லின் இரு பக்கமும், இரண்டு பட்டைகளாக மினுமினுப்பு வரவேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1942-ல் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது எஃகு விளிம்புச் சக்கரங்களைப் பூட்டினார்கள். எஃகு எஃகின் மேல் ஓடினால் அந்தப் பட்டை இன்னும் கூர்மையாகப் பளபளக்கும். ரப்பர் சக்கரம் மாட்டிய மாதிரிக்கும் எஃகுச் சக்கரம் மாட்டிய மாதிரிக்கும் ஒரே பூச்சுப் பூசக்கூடாது. துரு எங்கே வரும் என்றால் புகைக்குழாயில் வரும்; அங்கே வெப்பம் பெயின்டைத் தின்றுவிடும்.

இத்தனையையும் தாங்கும் சொல்லாக நான் முன்வைப்பது ‘சுவடேற்றல்’.

சுவடு என்றால் ஒன்று நடந்ததற்கான தடம். காலடிச் சுவடு என்கிறோம். யாரோ போனார்கள், அதனால் தடம் விழுந்தது. டாங்கியில் உள்ள ஒவ்வொரு கறைக்கும் அப்படி ஒரு காரணம் கேட்க வேண்டும்: யார் மிதித்தார்கள், எது சிந்தியது, எது உரசியது? காரணம் சொல்ல முடியாத கறையை வைக்காதீர்கள். சொல்லே இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. களிம்பேறிய பாத்திரம், காய்ப்பேறிய கை என்று நம்மிடம் ஏற்கெனவே ‘ஏறு’ இருக்கிறது. உண்மை டாங்கி சுவடேறியது. நாம் செய்த மாதிரி சுவடேற்றியது. தானாக நடந்ததையும் நாம் செய்ததையும் ஒரே வேரிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். மெருகேற்றலுக்கு எதிர்த்திசை வேலை என்பதும் ஓசையிலேயே தெரிந்துவிடுகிறது.

> வயலில் கைவிடப்பட்டுத் துருப்பிடித்த டாங்கியைச் செய்தால்?

அப்போது துருவேற்றல் சரியான சொல். சுவடேற்றலின் ஒரு வகையாக அது இருக்கட்டும்.

துணைச்சொற்களையும் கூடவே முடிவு செய்வோம். நீர்த்த கரும்பூச்சை ஆணித்தலை, மூடியின் விளிம்பு ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடுக்குகளில் ஓடவிடுவதை ‘இடுக்குப்பூச்சு’ எனலாம். தூரிகையை ஏறக்குறைய உலரத் துடைத்து மேடான இடங்களை மட்டும் தொடுவது ‘மேட்டுப்பூச்சு’. இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. மழைநீரும் எண்ணெயும் பக்கச்சுவரில் இழுத்த கோடுகள் ‘வழிசுவடு’.

எனக்குத் தீராதது, பெயின்ட் பெயர்ந்த இடத்துக்கான சொல். அங்கே அளவும் சேர்ந்து குழப்புகிறது. 1:35 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர்ப் பொட்டு, உண்மை வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர். நாலு மில்லிமீட்டர் வைத்தால் உள்ளங்கை அகலத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு பெரிய பெயர்வுகளை வண்டி முழுக்க அள்ளித் தெளித்த மாதிரிகளை நிறையப் பார்க்கிறோம். ஏறுமிடம், மூடியின் விளிம்பு, கருவிகளைக் கழற்றி மாட்டும் இடம், இவற்றில்தான் பெயின்ட் போகும். போவதும் இரண்டு விதம். மேற்பூச்சு மட்டும் கீறினால் அதே நிறம் சற்று வெளிறித் தெரியும். ஆழமாகப் போனால் அடிப்பூச்சு தெரியும். ஜெர்மன் வண்டிகளில் அது செங்காவி நிறம். வெறும் இரும்பு தெரிவது இன்னும் அரிது.

முதலாவதை ‘சிராய்ப்பு’ என்றும் இரண்டாவதை ‘பெயர்வு’ என்றும் குறித்து வைத்திருக்கிறேன். பெயர்வு என்பது இடப்பெயர்வை நினைவூட்டுவதால் எனக்கு நிறைவில்லை. டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளோடு பழக்கமுள்ளவர்கள், அங்கே இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பட்டறையில் சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் போடலாம்.