ராபர்ட்டோ கார்லோஸ் ஃப்ரீ கிக்: பழகுபவர்கள் கவனிக்க வேண்டியவை

1997 ஜூன் 3, லியோன் மைதானம், பிரான்ஸ் – பிரேசில். கோலிலிருந்து 35 மீட்டரில் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் ஃப்ரீ கிக் அடித்தார். பந்து தன் மேல்தான் வருகிறது என்று, கோலுக்கு வலப்புறம் தள்ளி நின்ற பந்து எடுத்துக் கொடுக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அதே பந்து இடப்பக்கம் வளைந்து, கம்பத்தின் உட்புறம் பட்டு வலைக்குள் விழுந்தது. பிரான்ஸ் கோல்கீப்பர் பார்தேஸ் அசையவே இல்லை. ஒரு லெஃப்ட் பேக்கை, அதாவது இடப்பக்கத் தற்காப்பு வீரரை, உலகமே கொண்டாடுவதற்கு இந்த ஒரு அடி போதுமானதாக இருந்தது.

இதைப் பழகும் பையன்கள் பெரும்பாலும் 20 மீட்டரில் பந்தை வைக்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. காற்று பந்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறையாது. அதனால் போகப் போகத்தான் வளைவு கூடும். 20 மீட்டரில் அந்தக் கடைசி வளைவு வருவதற்குள் பந்து கோலைத் தாண்டிவிடும். 2010இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இதை ஆராய்ந்து கட்டுரையே வெளியிட்டார்கள்.

•

அடிக்கும் முறையையும் சேர்த்துக்கொள்கிறேன். இடது காலின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்கத்து விரல்கள், பந்தின் வலப்பாதியில் பட வேண்டும். நடுவில் பட்டால் வேகம் கிடைக்கும், சுழற்சி கிடைக்காது. உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். ஊன்றும் கால் பந்தை ஒட்டி இருந்தால் அடிக்கும் கால் சுழல இடமிருக்காது; ஒரு சாண் விட்டு ஊன்றுங்கள். கார்லோஸ் நீளமாக ஓடி வருவார், ஆனால் அடிகள் சிறியவை, வேகமானவை. கடைசி அடியை எட்டி வைத்தால் எல்லாம் கெடும்.

பந்து 5ஆம் அளவு, 410 முதல் 450 கிராம். லேசான ரப்பர் பந்து தன் போக்கில் ஆடும், அதில் பழகிப் பயனில்லை. எதிரணி வீரர்கள் வரிசையாக நின்று மறிக்கும் சுவருக்குப் பதிலாக, பந்திலிருந்து 9.15 மீட்டர் அளந்து குச்சி நடுங்கள்.

வலது கால்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது பந்து வலப்பக்கம் வளையும்.

•

ஒரு நாளைக்குப் பதினைந்து முறை அடித்தால் போதும். தொடை இடுக்கில் பிடிப்பு வந்தால் அன்றோடு நிறுத்துங்கள்.

•

கார்லோஸ் மேல் மக்களுக்கு இன்னும் எவ்வளவு ஆசை என்பதற்கு: 2022 மார்ச்சில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் ஒரு பப் அணி, குலுக்கலில் வென்று அவரை ஒரு ஆட்டம் ஆட வைத்தது. 48 வயதில் பெனால்டி கோல் அடித்தார். 2015இல் டெல்லி டைனமோஸ் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகவும் வீரராகவும் வந்தது நம் ஆட்களுக்கு நினைவிருக்கும்.

லெஃப்ட் பேக் ஆடும் பிள்ளைகளுக்கு லியோன் கோலுக்கு முன்னால் 2002 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். சக வீரர் சோலாரி தட்டிவிட்ட பந்தைக் கார்லோஸ் ஓடிப் பிடித்து, எதிராளி நெருங்கும்போதே உயரத் தூக்கிவிடுகிறார். ஜிடான் அதை இறங்க விட்டு அந்தரத்திலேயே உதைத்தார். கார்லோஸின் அந்த ஓட்டம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள்.