முதுகலை முடித்தபின் முதல் வேலை: துளைக்களமா, கணினி மேசையா?

இளம்பொறியாளன்:
மண்ணும் பாறையும் கட்டுமானத்தில் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயும் புவித்தொழில்நுட்பப் பொறியியலில் முதுகலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். ஆய்வேட்டுக்காகச் சுரங்கப்பாதையைச் சுற்றியுள்ள பாறையின் தகைவுப் (உள் அழுத்தப்) பரவலை, பாறையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் கணித்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்துள்ளன. ஒன்று, ஆலோசனை நிறுவனமொன்றில் இதே கணிப்பு வேலை. மற்றொன்று, துளையிடும் இயந்திரத்தின் அருகில் நின்று கோர் எனப்படும் உருளை வடிவப் பாறை மாதிரிகளைப் பதிவு செய்யும் வேலை. கல்லை எண்ணுவதற்கா இத்தனை ஆண்டுகள் படித்தோம் என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. மேலும், கனிமச் சுரங்கத் துறைக்குச் சென்றவர்கள் பின்னாளில் அணை, சுரங்கப்பாதைப் பணிகளுக்குத் திரும்ப முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கோர்பெட்டி:
இரண்டாவது வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. நீங்கள் ஏளனமாகச் சொன்ன அந்தக் கல் எண்ணும் வேலையையே எடுத்துக்கொள்வோம். பாறையின் தரத்தைக் காட்டும் ஆர்.க்யூ.டி. என்பது, எடுத்த கோரில் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் கூட்டுத்தொகை மொத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு என்பதாகும். ஒரே ஓட்டத்தில் துளைத்தெடுத்த 150 செ.மீ. கோரில் நீண்ட துண்டுகள் மொத்தம் 90 செ.மீ. இருக்கின்றன என்றும், 36 செ.மீ. நீளமுள்ள இன்னொரு துண்டு, பெட்டியில் அடுக்கும்போது ஒன்பது ஒன்பது சென்டிமீட்டராக நான்காக உடைந்துவிட்டது என்றும் கொள்ளுங்கள். அந்த உடைப்புகளை இயற்கைப் பிளவுகள் என்று எண்ணினால் விடை 60. கையாளும்போது உடைந்தவை என்று கண்டுகொண்டால் 84. உடைந்த முகம் புதிதாகவும் கரடாகவும் இருக்கிறதா, அல்லது இரும்புக் கறையும் களிமண் பூச்சும் படிந்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்தவர்தாம் அதைச் சொல்ல முடியும். பாறைத்திரளைத் தரப்படுத்த 1973-இல் பெனியாவ்ஸ்கி வெளியிட்ட ஆர்.எம்.ஆர். முறையிலும், 1974-இல் பார்ட்டனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட க்யூ முறையிலும் இந்த எண்ணே உள்ளே செல்கிறது. பாறையைப் பிணைக்கும் எஃகுக் கம்பியான ராக் போல்ட்டின் இடைவெளியும், சுவரில் பீய்ச்சும் கான்கிரீட்டான ஷாட்கிரீட்டின் கனமும் அங்கிருந்தே வருகின்றன. தவறான எண்ணைக் கொடுத்தாலும் மென்பொருள் அதே அழகான வண்ணப் படத்தைத்தான் வரைந்து தரும்.

1959-இல் பிரான்சின் மால்பாசே அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே குற்றம் கான்கிரீட்டில் இல்லை. இடக்கரையின் அடியில் இருந்த பாறையின் பிளவுகளிலும், அவற்றுக்குள் புகுந்த நீரின் அழுத்தத்திலும் இருந்தது. அடுத்த மூன்றாண்டுகளில், 1962-இல், சால்ஸ்பர்க்கில் பன்னாட்டுப் பாறை இயக்கவியல் சங்கம் தோன்றியது.

சுரங்கவாசி:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்கிறேன். திரும்ப முடியும், ஆனால் மனப்போக்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பொதுமக்கள் செல்லும் சுரங்கப்பாதை நூறாண்டு நிற்க வேண்டும். தாது எடுக்கும் குடைவு சில மாதங்கள் நின்றால் போதும். திறந்தவெளிச் சுரங்கத்தில் சிறு சரிவுகள் நேரும் என்று ஒப்புக்கொண்டே வடிவமைக்கிறோம், அதற்கு ஈடாக இடைவிடாமல் கண்காணிக்கிறோம். அமெரிக்காவின் பிங்கம் கேன்யன் சுரங்கத்தில் 2013 ஏப்ரலில் பத்துக் கோடி டன்னுக்கு மேற்பட்ட பாறை சரிந்தும் ஒருவருக்கும் காயமில்லை. ரேடார் முதலிய கருவிகள் நகர்வை முன்னரே காட்டியதால் ஆட்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். கணித்தது சரியா, தவறா என்பது சில வாரங்களிலேயே கண்முன் தெரிந்துவிடுவதால், சுரங்கத்தைப் போல விரைவாகக் கற்றுத்தரும் இடம் வேறு இல்லை என்பேன்.

பாறை மட்டும்தான் அங்கே வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 2019-இல் பிரேசிலின் புருமாடின்யோவில் சுரங்கக் கழிவுச்சேற்றைத் தேக்கிய அணை உடைந்து ஏறத்தாழ 270 பேர் இறந்த பின்னர், 2020-இல் அத்தகைய அணைகளுக்கான உலகளாவிய தரநெறி வெளியானது. ஒவ்வோர் அணைக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் பொறியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. எனவே மண் இயக்கவியலை ஆழமாகக் கற்றவர்களையும் சுரங்க நிறுவனங்கள் தேடுகின்றன.

சரிவுக்கணக்கு:
கோர்பெட்டி சொல்வதை மறுக்க மாட்டேன். நான் மேசையிலிருந்து தொடங்கியவன், அதனால் பட்டவனும் கூட. முதல் ஆண்டில் ஒரு மலைச்சரிவின் பாதுகாப்புக் காரணியை (தாங்கும் வலிமைக்கும் சரியச் செய்யும் விசைக்கும் உள்ள விகிதத்தை) கணித்தபோது, அறிக்கையில் கண்ட நிலத்தடி நீர்மட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். துளையிட்டு முடித்த அன்றே அளந்த மட்டம் அது. துளையிடுவதற்கு ஊற்றிய நீர் இன்னும் வடியாமல் இருந்திருக்கிறது. நிலத்தடி நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர் பதித்துச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது உண்மையான மட்டம் வேறாக இருந்தது. களத்தில் ஒரு பருவம் இருந்திருந்தால் அந்தத் தேதியைப் பார்த்ததுமே ஐயம் வந்திருக்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சில கள நிறுவனங்கள் ஒருவரை ஐந்து ஆண்டுகள்கூடப் பதிவேட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விளக்க அறிக்கை எழுதும் பொறுப்பு கிடைக்குமா என்று சேருமுன்பே கேளுங்கள். ஆலோசனை நிறுவனத்திடமும், கணிப்பவரைக் களத்துக்கு அனுப்பும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். 1969-இல் பொறியாளர் பெக் விளக்கிய, கட்டும்போதே அளந்து பார்த்து வடிவமைப்பைத் திருத்தும் கண்காணிப்பு வடிவமைப்பு முறையைப் பின்பற்றும் இடமானால், எந்த அளவு நகர்ந்தால் என்ன செய்வது என்பதைக் கணித்தவரே முன்கூட்டி எழுதித்தர வேண்டியிருக்கும். அத்தகைய இடமென்றால் மேசை வேலையும் வீணாகாது.

இளம்பொறியாளன்:
மூவருக்கும் நன்றி. கள நிறுவனத்துக்கு எழுதுகிறேன். பீசோமீட்டர் பதிக்கும்போதும், பின்னர் அளவெடுக்கும்போதும் உடனிருக்க அனுமதி உண்டா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.