மெமரி டிரெய்னிங்: ‘பயிற்சி’ வேண்டாம், ‘சுருதிசேர்ப்பு’ என்போம்

கணினி தொடங்கும்போது செயலி தன் ரேமோடு (தற்காலிக நினைவகத்தோடு) நேரத்தை ஒத்துப்போகச் செய்துகொள்வதை மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். அதற்கு ‘நினைவகப் பயிற்சி’ என்று போட்டுவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சி என்றால் திரும்பத் திரும்பச் செய்து திறமை கூடுவது. ரேமுக்கு அப்படி எதுவும் கூடுவதில்லை. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

நடப்பது இதுதான். கணினியைப் போட்டதும், செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி தனக்குத் தெரிந்த ஒரு பிட் வரிசையை ரேமில் எழுதித் திரும்பப் படிக்கிறது, பிழை வந்தால் படிக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறது, சரியாகப் படிக்க முடிகிற இடைவெளியின் இரண்டு ஓரத்தையும் கண்டுபிடித்து நடுவில் போய் உட்காருகிறது. 3200 வேக (தடம் ஒன்றில் நொடிக்கு 320 கோடி பிட்) டிடிஆர்4 தலைமுறை ரேமில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 312.5 பிக்கோ நொடிதான் (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), மதர்போர்டில் ஒவ்வொரு மின்தடத்தின் நீளமும் அச்சாக ஒன்றாக இருக்காது, அதனால் தடங்களுக்குத் தனித்தனியே இதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மாசி மாதத்துக் காமன் கூத்து. இலங்கையில் எங்கள் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆட்டம் தொடங்கும் முன் தப்புக்காரர்கள் தீ மூட்டித் தப்பை, அதாவது தோல் பறையை, காய்ச்சுவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். பனி இறங்கித் தோல் தொய்ந்தால் நடுராத்திரியிலும் திரும்பக் காய்ச்ச வேண்டும். ரேமும் அப்படித்தான், வெப்பநிலை மாறினால் பழைய அளவு சற்று விலகும். என் வீட்டுக் கணினி பகலில் 3200இல் ஒழுங்காக ஓடும், ஜனவரிக் குளிர் விடியலில் முதல் தடவை எழும்பாது. சேமித்த பழைய அளவையே பயன்படுத்தும் விரைவுத் தொடக்கத்தை பயோசில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) நிறுத்தி, ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கவிட்ட பிறகுதான் சரியானது.

அதனால் ‘காய்ச்சல்’ என்று வைக்க ஆசை, ஆனால் கேட்பவர் பரசிட்டமோல் தேடுவார். யாழ் நரம்பைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பதற்குப் ‘பண்ணல்’ என்று ஓர் அழகான பழஞ்சொல் இருக்கிறது, இன்று அது ‘செய்தல்’ என்றே காதில் விழும். மிஞ்சுவது ‘சுருதிசேர்ப்பு’. வடசொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும், கோயில் நாதஸ்வரக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை தெரிந்த சொல் என்பதே எனக்குப் பெரிது. முக்கியமாக, சுருதி சேர இரண்டு பேர் வேண்டும், இங்கே கட்டுப்படுத்தியும் ரேமும்.

வாக்கியத்திலும் உட்காருகிறது. பெட்டியில் 3200 என்று போட்ட ரேம் வாங்கியதும் 2133இல் ஓடுகிறதே என்று கேட்பவருக்கு, “பயோசில் எக்ஸ்எம்பி, அதாவது பெட்டியில் போட்ட வேகத்துக்கான அமைப்பை, போடுங்கள், மின்னழுத்தம் 1.2இலிருந்து 1.35 வோல்ட்டுக்கு ஏறும், நான்கு ரேம் துண்டு போட்டுச் சுருதி சேரவில்லையென்றால் 2933க்கு இறக்கி மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டுங்கள்” என்று சொல்லலாம்.

அடுத்த தலைமுறையான டிடிஆர்5இல் முதல் தடவை இது சில நிமிடம்கூட எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும், ஆட்கள் பயந்து சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். தமிழ்க் கையேட்டில் அந்த இடத்தில் “சுருதி சேர்கிறது, அணைக்காமல் பொறுங்கள்” என்று போட்டால் போதும்.