இம்யூன் செக்பாயின்ட்: சோதனைச்சாவடியா, கடிவாளமா?

அனைவருக்கும் வணக்கம்.

கொஞ்சம் நீண்ட மடல், பொறுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்கான கையேடுகளையும் ஒப்புதல் படிவங்களையும் தமிழாக்குவது என் பிழைப்பு என்பது இங்கே பலருக்குத் தெரியும். போன வாரம் ஒரு மருத்துவமனையில், நானே தமிழாக்கிய படிவத்தை ஒரு குடும்பம் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வாய்த்தது. அப்பாவுக்கு நுரையீரல் புற்று. மகள் சத்தமாகப் படித்துக் காட்டினார். ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்’ (ஆங்கிலத்தில் இம்யூன் செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்) என்ற இடத்தில் விரல் நின்றது. எழுத்துக்கூட்டி மறுபடி படித்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சோதனைச்சாவடியைத் தடுத்துட்டா எல்லாரும் உள்ள வந்துடுவாங்களே மேடம்? அப்பாவுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி கம்மின்னுதானே சொன்னாங்க?” என்றார்.

விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் சொன்ன சொல் ஒன்றுகூட படிவத்தில் இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. சாவடி என்றால் நமக்கு என்ன? மாநில எல்லையில் லாரியை ஓரங்கட்டி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிற இடம். கள்ளச் சரக்கு போகாமல் காக்கிற இடம். அதைத் தடுக்கிற மருந்தை யார் ஏற்றிக்கொள்வார்கள்?

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உயிரியல் படிக்காதவர்களுக்காக. டி செல் வெள்ளையணுக்களில் ஒரு வகை. வைரஸ் புகுந்த செல்லையும் தடம் புரண்ட செல்லையும் கண்டுபிடித்துக் கொல்லும். ஆனால் அடிக்கத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும். அதற்காக அதன் மேற்பரப்பில் சிடிஎல்ஏ-4, பிடி-1 போன்ற புரதங்கள் இருக்கின்றன. இவற்றைத்தான் ஆங்கிலத்தில் இம்யூன் செக்பாயின்ட் என்கிறார்கள். எலிகளில் சிடிஎல்ஏ-4 மரபணுவை எடுத்துவிட்டு 1995இல் பார்த்தார்கள். குட்டிகள் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. கட்டுக்கடங்காமல் பெருகிய டி செல்கள் இதயம் வரை புகுந்து சிதைத்துவிட்டன. நிறுத்துகிற புரதம் அவ்வளவு முக்கியம்.

புற்றுச்செல் விளையாடுவது இந்த இடத்தில்தான். பிடி-1ஐத் தொட்டு டி செல்லை அமர்த்துகிற பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. கொல்ல வந்த டி செல் அப்படியே நின்றுவிடுகிறது. மருந்து ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிற இன்னொரு புரதம். அது இடையில் புகுந்து அந்தத் தொடுகை நடக்காமல் பார்த்துக்கொள்கிறது, டி செல் மறுபடி தன் வேலையைத் தொடங்குகிறது. அதாவது, காவலரை உட்கார வைத்த உத்தரவை மருந்து ரத்து செய்கிறது. என் தமிழாக்கமோ காவலரையே ஊருக்கு அனுப்பிவிட்டது.

மூலத்திலும் பெயர் அவ்வளவு ஒழுங்கில்லை. செல் பிரியும் முன் டிஎன்ஏ சேதமாகியிருக்கிறதா என்று நின்று பார்க்கிற ஏற்பாட்டை 1989இல் ஹார்ட்வெல்லும் வைனர்ட்டும் ஈஸ்ட் ஆய்வை வைத்து ‘செக்பாயின்ட்’ என்று விளக்கினார்கள். அங்கே சோதனைச்சாவடி அச்சாகப் பொருந்தும். நிறுத்து, பார், சரியென்றால் விடு. டி செல்லுக்கு வந்தபோது சொல் அதேதான், வேலை வேறு. சிடிஎல்ஏ-4ஐ மூடும் மருந்துக்கு வழியைத் திறந்த ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனே ‘பிரேக்’ என்றுதான் விளக்குவார். பிடி-1 கதை இன்னும் வேடிக்கை. கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் செல் தானே சாவதற்கான மரபணுவைத் தேடிப் போய், 1992இல் இதைக் கண்டு, ‘திட்டமிட்ட சாவு’ என்ற பொருளில் பெயர் வைத்தது. சாவுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இருவருக்கும் 2018இல் நோபல். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவர்களுடைய பிசகையும் சேர்த்துச் சுமப்போம்.

இன்னொரு தொல்லை ‘தடு’. தடுப்பூசி, நோய்த்தடுப்பு, தடுப்பாற்றல், தடுப்பு மருந்து, தடுப்பான் என்று ஏற்கெனவே வரிசைகட்டி நிற்கின்றன. ‘தடுப்பாற்றல் தடுப்புப்புள்ளித் தடுப்பான்’ என்று ஒரு வரைவில் நானே எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். ‘தடைநீக்கி’ என்றும் போக முடியவில்லை. நம் பாடநூலில் நோய்த்தடைகாப்பு என்று இருப்பதால், காப்பையே நீக்குவதுபோல் ஒலிக்கிறது.

என் முன்மொழிவு: கடிவாளம். செக்பாயின்ட் புரதம், கடிவாளப் புரதம். மருந்து, கடிவாளத் தளர்த்தி. கடிவாளம் போடு, இழுத்துப் பிடி, தளர்த்து, அவிழ்த்துவிடு என்று வினைகள் தயாராக இருக்கின்றன. பிடி-1 கடிவாளம் என்றால் பிடி-எல்1 அதை இழுக்கிற கை. சாதாரண நாளில் இழுப்பது நம் சொந்தத் திசுவின் கை, நோய்வாய்ப்பட்டால் புற்றின் கை. குதிரைக்குக் கடிவாளம் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதும் இதில் இருக்கிறது.

கிழித்துக் காயப்போடுங்கள்.

-----

அம்மா,

வார்டில் நாங்கள் இதையெல்லாம் ‘இம்யூனோ’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். வீடுகளில் அதுவும் இல்லை. சலைன் பாட்டிலில் ஏறுவதெல்லாம் கீமோ, மெஷினுக்கு அடியில் படுக்க வைத்தால் கரண்ட். “கீமோன்னீங்க, முடி கொட்டவே இல்லையே, மருந்து வேலை செய்யலையா?” என்று கேட்கிறார்கள். இந்த மருந்தில் பெரும்பாலும் முடி கொட்டாது என்று ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எளிதாக ‘நோயெதிர்ப்பு ஊக்கி’ என்று வைத்தால் என்ன? கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி என்ற சொல் பட்டிதொட்டியெல்லாம் போய்விட்டது.

ஒரு திருத்தமும். ஆன்டிபாடி எதையும் தளர்த்துவதில்லை. பிடி-1 மேல் உட்கார்ந்து அதை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். அட்டிசோலிசுமாப் போன்றவை மறுபக்கம் பிடி-எல்1 மேல் உட்காரும். ‘தளர்த்தி’ என்பது இயக்கத்தின்படி சரியில்லை.

-----

அக்கா, வணக்கம். நான் திருவாரூர்ப் பக்கம்.

‘முட்டுக்கட்டை’ ஏன் கூடாது? சின்ன வயதில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே கூட நடப்பேன். வடம் பிடிப்பவர்களுக்குத்தான் பெயர், உண்மையான வேலை இவர்களுடையது. சக்கரம் உருண்டு வரும்போது குனிந்து, கட்டையைச் சரியான சாய்வில் உள்ளே தள்ளி, கை நசுங்காமல் எடுத்துவிட வேண்டும். நிறுத்துவதும் அதனால்தான், தெருமுனையில் திருப்புவதும் அதனால்தான். கட்டை இல்லாவிட்டால் தேர் நேரே வீட்டுத் திண்ணையில் ஏறும். டி செல்லுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? ‘முட்டுக்கட்டை நீக்கி’ என்றால் யாருக்கும் புரியும்.

-----

தம்பிக்கும் டாக்டர் ஐயாவுக்கும் நன்றி.

> ‘முட்டுக்கட்டை’ ஏன் கூடாது?

படித்ததும் கட்சி மாறிவிட்டேன், அரை நாளுக்கு. அப்புறம் அன்றைய செய்தித்தாளைப் பிரித்தேன். ‘திட்டத்துக்கு முட்டுக்கட்டை.’ நம் காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேண்டாதவன் குறுக்கே போடுவது என்ற ஒரே பொருள்தான் மிச்சம். தேரை அருகே நின்று பார்த்தவர்களுக்கு மட்டும் நீங்கள் சொல்கிற பொருள் தெரியும். நோயாளி வீட்டில் “அந்த முட்டுக்கட்டையை மொத்தமா எடுத்துடுங்களேன்” என்பார்கள். அதை மொத்தமாக எடுத்த எலிக்கு என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

> எளிதாக ‘நோயெதிர்ப்பு ஊக்கி’ என்று வைத்தால் என்ன?

டாக்டர் ஐயா, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊக்கி என்றவுடன் கபசுரக் குடிநீர், நெல்லிக்காய், சத்துமாவு வரிசையில் இதையும் வைத்துவிடுவார்கள். “வீட்டிலேயே கஷாயம் கொடுக்கிறோமே, எதுக்கு இவ்வளவு காசு கொட்டி ஊசி?” என்று கேட்பார்கள். ஊக்குவதற்கு அங்கே குறைவொன்றும் இல்லையே. டி செல் வந்துதான் நிற்கிறது, பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும்.

பெயரில் மிகையும் கூடாது. 2022இல் இதே வகை மருந்தான டோஸ்டார்லிமாப் பற்றிய செய்தி வந்தபோது, ‘புற்றுநோய்க்கு முடிவு கட்டிய மருந்து’ என்று வாட்ஸாப்பில் எத்தனை பேர் அனுப்பினார்கள்! நியூயார்க்கில் மலக்குடல் புற்று உள்ள 12 பேர். ஆறு மாதம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து. 12 பேருக்குமே கட்டி மறைந்தது, மெய்யான அதிசயம்தான். ஆனால் அந்த 12 பேரும் டிஎன்ஏ பிழை திருத்தும் ஏற்பாடு பழுதான, குறிப்பிட்ட வகைக் கட்டிக்காரர்கள். அந்த வரியை யாரும் அனுப்பவில்லை.

> ‘தளர்த்தி’ என்பது இயக்கத்தின்படி சரியில்லை.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயரை விளைவின்படி வைக்கலாமே. வலிநிவாரணி எந்த நொதியின் மேல் உட்காருகிறது என்று அதன் பெயர் சொல்வதில்லை. கை எட்டாதபடி கடிவாளத்தை மூடினாலும், கையையே கட்டினாலும், குதிரைக்குத் தளர்ச்சிதான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது படிக்கிற என் மகன் வரைவை எட்டிப் பார்த்துவிட்டு, “பிடி ஒண்ணு, பிடி எல் ஒண்ணு... அம்மா, அது ‘பிடி’தானே, பிடிச்சு வைக்கிறதாலயா?” என்றான். ஆங்கில எழுத்து என்று அவனுக்குத் தோன்றவே இல்லை! ஒரு நிமிடம் அசந்துவிட்டேன். எதிர்ப்புப் பிடி, பிடிப்புரதம், பிடிதளர்த்தி. குட்டியாக, கச்சிதமாக இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

-----

அம்மையீர், பிடிப்புரதம் என்பதைப் பிடிப்பு + ரதம் என்று பிரித்துப் படித்துவிட்டேன். தம்பியின் தேர் இன்னும் கண்ணில் நிற்கிறது போலும். போதாக்குறைக்கு வாயுப்பிடிப்பு, தசைப்பிடிப்பு வேறு. கடிவாளத்துக்கே என் வாக்கு.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

-----

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து.

எங்கள் பாடநூல்களில் இம்யூனிட்டிக்கு நிர்ப்பீடனம் என்பதே வழக்கு. பீடனம் துன்பம், அது இல்லாத நிலை. வெள்ளையணுவை வெண்குழியம் என்போம். ஆகவே ‘நோயெதிர்ப்பு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இங்கே பாதி வழியில் நின்றுவிடும். கடிவாளம் அப்படியல்ல, இரு கரையிலும் விளங்கும். முன்னொட்டைத் தளர்வாக விட்டால் நல்லது: அங்கே நோயெதிர்ப்புக் கடிவாளம், இங்கே நிர்ப்பீடனக் கடிவாளம்.

ஒன்று கேட்கிறேன். கடிவாளம் தளர்ந்த பிறகு வரும் பக்கவிளைவுக்கு என்ன பெயர்?

-----

ஆசிரியர் ஐயா, ரதத்தை இனி என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. ‘பிடி’யைக் கைவிட்டாயிற்று. மகனிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன முன்னொட்டு ஏற்பாடு எனக்கு முழுச் சம்மதம். செல் பிரிவில் வருகிற செக்பாயின்டைச் சோதனைச்சாவடி என்றே விட்டுவிடலாம்.

பக்கவிளைவுக் கேள்விதான் பெரிய கேள்வி. தளர்ந்த குதிரை சொந்த வயலிலும் பாயும். பெருங்குடலில் பாய்ந்தால் பெருங்குடல் அழற்சி, நுரையீரலில் நுரையீரல் அழற்சி, தைராய்டில், கல்லீரலில், அபூர்வமாக இதயத் தசையில். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்று வைத்தவர் யாரோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும். செல்சஸ் என்ற ரோமானியர் 2000 ஆண்டுக்கு முன்பு அழற்சிக்குச் சொன்ன நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. வீக்கத்துக்கு அவர் எழுதிய லத்தீன் சொல்தான் ‘டியூமர்’. இன்று அது புற்றுக்கட்டிக்குப் பெயராகிவிட்டது. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் கனன்ற அழற்சி புற்றாவதும், புற்றை அடிக்கப் போன மருந்து அழற்சியாவதும் நினைத்தால் தலை சுற்றுகிறது.

வீட்டில் நடப்பது என்ன? மருந்து ஏற்றி ஆறாவது வாரம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பேதி. “உடம்பு சூடு” என்று வெந்தயமும் மோரும் கொடுத்து நாலு நாள் ஓட்டிவிடுகிறார்கள். அது சூடு அல்ல, குடல் அழற்சி. அதை அடக்க ஸ்டீராய்டு உடனே தொடங்கியிருக்க வேண்டிய பேதி. எனவே பெயரில் அழற்சி இருந்தே ஆக வேண்டும். ‘தளர்வழற்சி’ என்று எழுதிப் பார்த்தேன், சோம்பலான அழற்சிபோல் தொனிக்கிறது. ‘கடிவாள அழற்சி’ என்றால் கடிவாளத்துக்கே அழற்சி. ‘கட்டவிழ் அழற்சி’ பரவாயில்லை, ஆனால் வாயில் நுழையக் கொஞ்சம் அடம்பிடிக்கிறது. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அதுவரை கையேட்டில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

“உங்கள் உடம்பின் டி செல்களுக்குப் புற்றுநோயை அடிக்கத் தெரியும். புற்று அவற்றின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த மருந்து ஒரு கடிவாளத் தளர்த்தி. தளர்ந்த டி செல்கள் சில சமயம் உங்கள் குடலையோ நுரையீரலையோ தாக்கி அழற்சி உண்டாக்கலாம். பேதி, மூச்சுத்திணறல், தோல் தடிப்பு எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே எங்களைக் கூப்பிடுங்கள்.”

நாளை அந்த மகள் அப்பாவை இரண்டாவது ஊசிக்குக் கூட்டி வருகிறார். முதல் பிரதியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். எங்கே விரல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.