குடும்ப குரூப்ல பேசும் படம்

கார்த்தி: நேத்து நைட் வீட்ல பேசும் படம் போட்டோம், கமல் படம், வசனமே கிடையாது. காது சரியா கேக்காத தாத்தாதான் எங்க எல்லாருக்கும் முன்னாடி சிரிக்கிறாரு, ஒரு தடவ கூட "என்னடா சொன்னான்"னு கேக்கல

சுதா சித்தி: அய்யோ அந்த ஐஸ் கத்தி!! டின்னு ஆனந்த் கொல்ல வர்றப்பல்லாம் ஏதாவது சொதப்பும், எனக்கு வயிறே வலிக்கும்

ராஜி: நான் பாத்ததே இல்ல, கதை என்ன

கார்த்தி: கமலுக்கு வேல கிடையாது. ரோட்ல குடிச்சிட்டு கிடக்குற பணக்காரன தூக்கிட்டு வந்து தன் ரூம்ல கட்டிப்போட்டுட்டு, அவன் தங்கியிருந்த பெரிய ஓட்டல்ல இவரு போய் உக்காந்துக்குவாரு, அங்கதான் அமலா

பெரியப்பா: சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன். 1987. நாயகனும் அதே வருஷம்தான்பா. அதுல அழ வெச்ச மனுஷன் இதுல வாயே தொறக்காம சிரிக்க வெக்கிறான்

மது: பெரியப்பா அது எங்க பெங்களூர்ல எடுத்தது, விண்ட்ஸர் மேனர் ஓட்டல். அந்தப் பக்கம் போனாலே எனக்கு அந்தப் படம்தான்

சுதா சித்தி: கட்டிப்போட்ட ஆளோட அந்த கிஃப்ட் பார்சல் மேட்டர்... மாமா குரூப்ல இருக்காரு, நான் சொல்லல

பெரியப்பா: நானும் பாத்தவன்தான் சுதா

மது: ஹாஹாஹா

ராஜி: சைலண்ட் படம்லாம் ரெண்டு மணி நேரம் எப்படி உக்காந்து பாக்குறது

கார்த்தி: சைலண்ட்னு யாரு சொன்னா, அதுல காமெடியே சத்தத்துலதான் இருக்கு. இவரு பழைய ரூம் தியேட்டர் பக்கத்துல, டிஷ்யூம் டிஷ்யூம் கேட்டுட்டே தூங்கிப் பழகினவரு, ஓட்டல் ரூம்ல ஒரே அமைதி, தூக்கமே வரல, உடனே போய் அந்த தியேட்டர் சத்தத்த டேப்ல புடிச்சிட்டு வந்து போட்டுட்டு நிம்மதியா தூங்குவாரு பாரு, இத வசனத்துல எழுதச் சொன்னா எவனாலயும் முடியாது

பெரியப்பா: மியூசிக் எல்.வைத்தியநாதன். அதையும் சொல்லு. அந்தப் பிச்சைக்காரன் செத்ததும் நோட்டுக்கு அடிச்சிக்கிறானுங்களே, சிரிச்சிட்டே இருந்தவனுக்கு பக்குனு ஆயிடும்

சுதா சித்தி: எனக்கு கடைசிதான் மாமா. அமலா அட்ரஸ் எழுதி ரோஜாவோட குடுத்த சீட்டு பறந்து சாக்கடைல போய் விழுமே, பாவம். இப்பன்னா இன்ஸ்டால தேடியிருப்பான்

ராஜி: சித்தீஈஈ நான் இன்னும் பாக்கலன்னு இப்பதானே சொன்னேன்!!

சுதா சித்தி: சரி சரி, கத்தி என்ன ஆச்சுன்னு சொல்லலல்ல, அதுக்காகவாவது பாரு