டி.ஓ. படித்தால் சர்ஜன் ஆக முடியுமா?

கேள்வி: வணக்கம். போன வருடம்தான் க்ரீன் கார்டில் கோவையிலிருந்து நியூஜெர்சி வந்தோம். முன்பே வந்து இங்கே காலேஜ் முடித்த மகளுக்கு எம்.டி. (இங்கே இதுதான் நம் எம்.பி.பி.எஸ். மாதிரி) இடம் கிடைக்கவில்லை. டி.ஓ. (டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்) காலேஜ் இரண்டில் கிடைத்திருக்கிறது. அவளுக்கு சர்ஜரிதான் வேண்டுமாம். ஊரில் சொன்னால், "அது என்ன, புத்தூர் கட்டு மாதிரியா?" என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம் அக்கா. நானும் டி.ஓ. படித்து ஜெனரல் சர்ஜரி ரெசிடென்சியில் (டாக்டர் படிப்பு முடிந்தபின் ஆஸ்பத்திரியில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி) இருப்பவள்தான்.

ஊரில் குழம்புவதில் ஆச்சரியமில்லை. இங்கிலாந்தில் ஆஸ்டியோபத் என்பவர் டாக்டர் கிடையாது. அமெரிக்காவில் டி.ஓ. முழு டாக்டர், 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு உள்ள அதே உரிமை. கையால் தொட்டு, அழுத்திச் செய்யும் சிகிச்சைப் பாடம் சுமார் 200 மணி நேரம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ரெசிடென்சியும் 2020 முதல் இருவருக்கும் ஒரே அங்கீகாரம், ஒரே மேட்ச் (யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்று முடிவு செய்யும் முறை). அதற்கு முன் டி.ஓ.க்களுக்கென்றே இருந்து, பிறகு இதற்குள் வந்த சர்ஜரி, ஆர்த்தோ புரோகிராம்களில் இன்றைக்கும் நம்மை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் மட்டும் கதவு மிகக் குறுகல்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாம் வருட ரொட்டேஷன், அதாவது துறை துறையாக ஆஸ்பத்திரியில் எடுக்கும் பயிற்சி. பல டி.ஓ. காலேஜ்களுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. மாணவர்களை ஊர் ஊராகச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். அங்கே ரெசிடென்ட்டே இருக்க மாட்டார். ஒரே சர்ஜன், ஒரே மாணவி. ஆபரேஷனில் கூட நின்று நிறையச் செய்யலாம், அது நல்லதுதான். ஆனால் ஒரு சர்ஜரி டீம் எப்படி இயங்குகிறது என்று தெரியாமலே நான்காம் வருடம் ஆடிஷன் ரொட்டேஷனுக்கு (ரெசிடென்சி கேட்கப்போகும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக் காட்டுவது) போய் நிற்பாள். விடியற்காலை நாலரைக்கு வந்து, இரவு யாருக்குக் காய்ச்சல், ஆபரேஷன் செய்த இடத்தில் வைத்த வடிகுழாயில் எத்தனை மில்லி வந்தது என்று லிஸ்ட் தயாரித்து, கோட் பாக்கெட்டில் கத்தரிக்கோலும் டேப்பும் வைத்திருக்கும் பெண்ணைத்தான் அங்கே கவனிப்பார்கள். அந்த நான்கு வாரமும் ஒரு நீண்ட இன்டர்வியூதான். ஆகவே இரண்டு காலேஜிடமும் நேராகக் கேளுங்கள்: "சர்ஜரி ரெசிடென்சி உள்ள ஆஸ்பத்திரியில் ரொட்டேஷன் கிடைக்குமா?" மழுப்பினால் அடுத்த காலேஜைப் பாருங்கள்.

பரீட்சையைப் பொறுத்தவரை, டி.ஓ.க்களுக்கான லைசென்ஸ் பரீட்சையான காம்லெக்ஸ் கட்டாயம். எம்.டி.க்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. கட்டாயமில்லை என்பார்கள், சர்ஜரி வேண்டுமென்றால் எழுதியே ஆக வேண்டும். 2022 முதல் அதன் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு வெறும் பாஸ், ஃபெயில்தான். அதனால் ஸ்டெப் 2 மார்க்தான் எல்லாமே.

காலேஜ் தரும் மேட்ச் பட்டியலில் "சர்ஜரி" என்று போட்டிருந்தாலே மகிழ்ந்துவிடாதீர்கள். பிரிலிமினரி என்பது ஒரு வருட இடம். அடுத்த வருடத்துக்கு உத்தரவாதமில்லை. கேட்டகாரிகல் என்பதுதான் ஐந்து வருடமும் முழுதாகப் படிக்கும் இடம். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரொம்ப நன்றிம்மா. ஃபீஸைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. லோன் முழுக்கக் கிடைக்குமா?

இன்னொருவர் பதில்: க்ரீன் கார்டு இருப்பதால் அரசு லோன் உண்டு. ஆனால் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் (மேல்படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்த அரசு லோன்) கிடையாது. மருத்துவப் படிப்புக்கு வருடம் 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான் உச்சவரம்பு. பல டி.ஓ. காலேஜ்களில் ஃபீஸே அதைத் தாண்டும், வாடகை, சாப்பாடு வேறு. மிச்சத்துக்குப் பிரைவேட் லோன் எடுத்தால் பெரும்பாலும் கோ-சைனர் (கூடவே கையெழுத்துப் போட்டுக் கடனுக்குப் பொறுப்பேற்பவர்) கேட்பார்கள். ஒரு வருடம் முன் வந்தவர்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி எங்கே இருக்கப்போகிறது? கிரெடிட் கார்டு இன்னும் வாங்கவில்லை என்றால், டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டையாவது இந்த வாரமே எடுத்து, மாதாமாதம் முழுதாகக் கட்டி வாருங்கள். காலேஜில் ஸ்காலர்ஷிப் உண்டா என்று சீட்டுக்கு டெபாசிட் கட்டும் முன்பே மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.